சுவரை விட்டு வந்த அலமாரி

பி.காம். படிக்கிற யாரை நடுராத்திரியில் எழுப்பி "அறிவியல் மேலாண்மையின் தந்தை யார்?" என்று கேட்டாலும் ஃபிரடெரிக் டெய்லர் என்று பதில் வரும். கூடவே கில்பிரெத் தம்பதி, செங்கல் அடுக்கும் கொத்தனாரின் கை அசைவுகளை எண்ணிக் குறைத்த கதை எல்லாம் ஐந்து மார்க் கேள்விக்குத் தயாராக இருக்கும். பரீட்சை முடிந்ததும் மறந்தும் போகும். ஆனால் இதற்குப் பாடப்புத்தகத்தில் வராத ஒரு பின்கதை உண்டு. டெய்லரின் கடிகாரம் தொழிற்சாலையோடு நிற்கவில்லை. அது சமையலறைக்குள் நுழைந்தது. அங்கே நடுவில் நின்ற மேசையை அப்புறப்படுத்தியது. பல வருஷம் கழித்து அந்த மேசை ‘கிச்சன் ஐலேண்ட்’ என்ற புதுப் பெயரோடு திரும்பி வந்தது. வந்தபோது அதற்குக் கால்கள் இல்லை! பிரச்சினையே அங்கேதான் ஆரம்பம்.

கிச்சன் ஐலேண்ட் என்பது சமையலறையின் நடுவில், எந்தச் சுவரையும் தொடாமல், தீவு மாதிரி தனியாக நிற்கும் மேடை. ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அம்மா ஒரு பக்கம் காய் நறுக்குவார், எதிர்ப்பக்கம் உயரமான ஸ்டூலில் பிள்ளைகள் உட்கார்ந்து பால் குடிப்பார்கள். மேலே கல் பலகை, கீழே அலமாரியும் இழுப்பறையும். காசு இருப்பவர்கள் ஆசாரியை வைத்து ஒரே மரச்சாமானாகச் செய்துகொள்வார்கள். மற்றவர்கள் கடையில் விற்கும் மாடுலர் பெட்டிகளை வாங்கி, முதுகோடு முதுகு சேர்த்து முடுக்கிக்கொள்வார்கள். இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது. அந்தப் பெட்டிகள் சுவருக்காகப் பிறந்தவை. அவற்றை நடுவீட்டில் நிறுத்துவது எப்படி ஒரு வேலையாக மாறியது என்பதுதான் விஷயம்.

பழைய ஐரோப்பிய, அமெரிக்க சமையலறையில் சுவரோரம் அடுப்பு இருக்கும். இன்னொரு பக்கம் பாத்திரம் கழுவும் தொட்டி. நடுவில் கெட்டியான ஒரு மர மேசை. மாவு பிசைவது, கறி வெட்டுவது, பட்டாணி உரிப்பது, வேலைக்காரர்கள் சாப்பிடுவது எல்லாம் அதில்தான். நான்கு மூலையிலும் நான்கு கால், கீழே காலி. யார் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அசையாது. ‘சமையலறைத் தீவு’ புதுக் கண்டுபிடிப்பு என்று விளம்பரங்கள் சொல்வதை நம்ப வேண்டாம். தீவு எப்போதும் அங்கேதான் இருந்தது, பெயர்தான் இல்லை.

அந்த மேசையை முதலில் சந்தேகமாகப் பார்த்தவர்கள் பெண்களே. 1869-ல் காத்தரின் பீச்சரும் அவர் தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவும் (ஆமாம், ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ எழுதியவரேதான்) ‘தி அமெரிக்கன் உமன்ஸ் ஹோம்’ என்ற புத்தகத்தில் நீராவிக் கப்பலின் சமையலறையை உதாரணம் காட்டினார்கள். கப்பலில் இடம் குறைவு, எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, அத்தனை பேருக்கும் சமைக்கிறார்கள். வீட்டில் மட்டும் ஏன் உப்புக்கு ஒரு அறை, மாவுக்கு ஒரு அறை என்று ஓட வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

அடுத்த தலைமுறையில் டெய்லர் வந்தார். அவருடைய ‘அறிவியல் மேலாண்மைக் கோட்பாடுகள்’ 1911-ல் வெளிவந்தது. மறு வருஷமே கிறிஸ்டின் ஃபிரடெரிக் என்ற பெண்மணி ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ பத்திரிகையில் அதே கணக்கை வீட்டு வேலைக்குப் போட்டு ஒரு தொடர் எழுதினார். சமைக்கும் ஒருத்தி எத்தனை அடி நடக்கிறாள், எந்தப் பாதையில் நடக்கிறாள் என்று சமையலறைப் படத்தில் கோடு போட்டுக் காட்டினார். ஒரு படத்தில் கோடுகள் சிக்கிய நூல்கண்டு மாதிரி இருக்கும். சாமான்களை வேலை நடக்கும் வரிசையில் மாற்றி வைத்த அடுத்த படத்தில் நேராக ஓடும். 1913-ல் இது புத்தகமானது. பின்னர் ஜெர்மன் மொழிக்கும் போனது.

அந்த நேரத்தில் அமெரிக்கச் சந்தையில் இன்னொரு சாமானும் விற்றுக்கொண்டிருந்தது. இந்தியானா மாநிலத்தில் செய்த ‘ஹூசியர்’ அலமாரி. மாவு கொட்டிவைக்கும் தொட்டி, அதற்கு அடியிலேயே சல்லடை, மசாலா டப்பாக்களுக்குத் தனித் தட்டு, வெளியே இழுத்தால் நீளும் வேலைப் பலகை எல்லாம் ஒரே பெட்டியில். நடுமேசையின் வேலையை சுவரோரத்துக்கு இழுத்துக்கொண்டு போன முதல் ஆசாமி என்று இதைச் சொல்லலாம்.

மேசைக்கு முழுதாக விடை கொடுத்தது ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரம். முதல் உலகப்போருக்குப் பிறகு அங்கே கடுமையான வீட்டுப் பஞ்சம். நகராட்சிக்காக எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக்கலைஞர் தொழிலாளர் குடியிருப்புகளை வேகவேகமாகக் கட்டினார். அவற்றுக்கு சமையலறை வரைந்து தர ஆஸ்திரியாவிலிருந்து மார்கரெட் லிஹோட்ஸ்கி வந்தார். வயது 29. 1926-ல் அவர் கொடுத்த அறை 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். அவ்வளவுதான். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையலறைதான் முன்மாதிரி. மாவு வைக்கும் இழுப்பறைக்கு ஓக் மரம், புழு வராது என்று. அரிசி, சர்க்கரை கொட்ட மூக்கு வைத்த அலுமினிய டப்பாக்கள். மடித்துச் சுவரில் சாத்தும் இஸ்திரிப் பலகை. ஈ அண்டாது என்று நம்பி நீல வண்ணம். சுமார் 10,000 வீடுகளில் இதைப் பொருத்தினார்கள்.

இன்று ‘மாடுலர் கிச்சன்’ என்று விற்கும் எல்லாவற்றுக்கும் பாட்டி இந்த பிராங்பர்ட் கிச்சன்தான். அதை வரைந்த லிஹோட்ஸ்கிக்கு அப்போது சமைக்கவே தெரியாது என்பதை அவரே பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார்! குறை சொல்ல இல்லை. பெண்ணுக்கு அடுப்படியில் நேரம் மிச்சமானால் அவள் வேலைக்குப் போகலாம், படிக்கலாம் என்று நினைத்தே அவர் இதைச் செய்தார். பின்னாளில் நாஜிகளுக்கு எதிரான இயக்கத்தில் சேர்ந்து 1941-ல் கைதாகி, போர் முடியும் வரை சிறையில் இருந்த மனுஷி அவர்.

ஆனால் அறைக்குள் போனவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. அங்கே இரண்டாவது ஆளுக்கு இடமில்லை. மேசை போடவும் இடமில்லை. சமைப்பவள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். குழந்தை எங்கேயோ விளையாடும், பேச்சு எங்கேயோ நடக்கும். நேரம் மிச்சமானது, துணை போனது. 1970-களில் பெண்ணியவாதிகள் இதைத்தான் சொல்லித் திட்டினார்கள். பழைய மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காரலாம் என்பதை டெய்லரின் கடிகாரம் அளக்கவில்லை. அளக்க அதற்குத் தெரியாது.

கில்பிரெத் தம்பதியில் மனைவி லில்லியன் இதற்கு ஒரு குட்டி விடை வைத்திருந்தார். கணவர் 1924-ல் இறந்த பிறகு, தொழிற்சாலைகள் ஒரு பெண் ஆலோசகரை அழைக்கத் தயங்கியதால், அவர் சமையலறை ஆராய்ச்சிப் பக்கம் திரும்பினார். 12 பிள்ளைகள் பெற்றவர். புரூக்ளின் நகர கேஸ் கம்பெனி ஒன்றுக்காக அவர் வடிவமைத்த மாதிரி சமையலறையில் சக்கரம் வைத்த சின்ன வண்டி இருந்தது. வேண்டும்போது நடுவில் இழுத்துக்கொள்ளலாம், வேண்டாதபோது ஓரம் தள்ளலாம். பாடப்புத்தகத்தில் செங்கல் கதையோடு இதையும் சேர்த்திருந்தால் பாடம் கொஞ்சம் சுவையாக இருந்திருக்கும்.

சரி, பெட்டிக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் சுவீடனில் வீட்டு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் 1944-ல் தொடங்கியது. மேடை எவ்வளவு உயரம், அலமாரி எவ்வளவு ஆழம் என்றெல்லாம் அளந்து தரம் நிர்ணயிக்க உதவினார்கள். (இதைக் கிண்டல் செய்து ‘கிச்சன் ஸ்டோரீஸ்’ என்று 2003-ல் ஒரு நார்வே படமே வந்தது.) ஐரோப்பாவில் 60 செ.மீ. என்பது அடிப்படை அளவாக நிலைத்தது. அமெரிக்காவில் 24 அங்குல ஆழம், கல்லோடு சேர்த்து 36 அங்குல உயரம். கை நீட்டினால் பின்சுவர் வரை எட்ட வேண்டும், அதற்கு இந்த ஆழம் பொருந்தும். அதாவது, அளவே சுவரை வைத்துப் போட்டது.

போருக்குப் பின் மரத்தூளையும் சிம்புகளையும் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு மலிவாகக் கிடைத்தது. ஜெர்மன் தொழிற்சாலைகளில் 32 மி.மீ. இடைவெளியில் வரிசையாக 5 மி.மீ. துளை போடும் முறை வந்தது. எந்தத் தட்டும், எந்தக் கீலும், எந்த இழுப்பறைத் தடமும் அதே துளையில் உட்காரும். 1956-ல் சுவீடனின் ஐகியா தட்டையாகப் பிரித்துக் கட்டிய சாமான்களை விற்க ஆரம்பித்தது. காரில் ஏறாத ஒரு மேசையின் காலைக் கழற்றியதில்தான் அந்த யோசனை பிறந்ததாக அந்தக் கம்பெனி சொல்லும். பெட்டி செய்ய இனி ஆசாரி வேண்டாம், ஒரு திருப்புளி போதும். ஆனால் செலவைக் குறைக்கப் பெட்டியின் முதுகு மெல்லிய அட்டை மாதிரி ஆகிவிட்டது. தெரியவா போகிறது, பின்னால்தான் சுவர் இருக்கிறதே!

இதே காலத்தில் வீட்டுச் சுவர்கள் விழ ஆரம்பித்தன. பிராங்க் லாயிட் ரைட் 1930-களிலேயே தான் கட்டிய சின்ன வீடுகளில் சமையலறையைக் கூடத்தோடு திறந்துவிட்டார். வேலைக்காரர் வைத்துக்கொள்ளும் வசதி நடுத்தரக் குடும்பங்களுக்குப் போய்விட்டது, வீட்டுக்காரியே சமைக்கிறாள், அவளை எதற்குத் தனியறையில் அடைக்க வேண்டும்? போருக்குப் பிந்தைய அமெரிக்க வீடுகளில் இது பரவியது. சுவரை எடுத்தாயிற்று. சுவரில் சாய்ந்திருந்த அலமாரிகளை எங்கே வைப்பது? நடுவில்.

ஜெர்மனியில் இதற்காகவே ஒருவர் புத்தகம் எழுதினார். பெயர் ஓட்ல் ஐஷர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னச் சின்ன விளையாட்டுக் குறிப்படங்களை வடிவமைத்தவர். ‘புல்தாப்’ என்ற சமையலறைக் கம்பெனிக்காக ஓட்டல் சமையலறைகளில் போய் நின்று சமையல்காரர்களைக் கவனித்தார். 1982-ல் வந்த அவர் புத்தகத்தின் சாரம்: தொழில்முறைச் சமையல்காரன் யாரும் சுவரைப் பார்த்து நிற்பதில்லை, நடுவில் இருக்கும் பெரிய மேசையைச் சுற்றித்தான் வேலை நடக்கிறது, வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். 1988-ல் அந்தக் கம்பெனி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு வேலை மேடை கொண்டுவந்தது. கவனிக்க வேண்டியது, அது பெட்டி அல்ல. கால் வைத்த மேடை. ஐஷருக்கு விஷயம் புரிந்திருக்கிறது. ஆனால் அந்த விலைக்கு வாங்க எத்தனை பேரால் முடியும்? மற்றவர்கள் சுவர்ப்பெட்டியையே நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்கு போடலாம். 60 செ.மீ. ஆழமுள்ள ஒரு பெட்டி 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கால் விரல் நுழைய இடம் விடுவதற்காக முன்கால்கள் 7 செ.மீ. உள்ளே தள்ளி இருக்கும். பெட்டி முன்னால் கவிழ்வதானால் அந்த முன்காலை அச்சாக வைத்துத்தான் கவிழும். பெட்டியின் எடைமையம் அந்த அச்சுக்கு 23 செ.மீ. பின்னால். 30-ஐ 23-ஆல் பெருக்கினால் 690. இதுதான் பெட்டியைப் பிடித்து வைத்திருக்கும் பலம். இப்போது 25 கிலோ தட்டுகள் உள்ள இழுப்பறையை முழுசாக வெளியே இழுங்கள். அந்த எடை அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் வந்துவிடும். 25 பெருக்கல் 30, 750. பெட்டி கவிழ்ந்தது. ஒரு குழந்தை தொங்கக்கூட வேண்டாம்.

இதே மாதிரி இரண்டு பெட்டிகளை முதுகோடு முதுகு வைத்து போல்ட் போட்டு இறுக்கினால்? எடை 60 கிலோ, ஆழம் 120 செ.மீ., எடைமையம் அச்சுக்கு 53 செ.மீ. பின்னால். பெருக்கினால் 3180. இரண்டு மடங்கு சாமானுக்கு நாலரை மடங்கு பலம்! தீவுகள் பெரும்பாலும் இரட்டை வரிசையாக இருப்பதற்கு அழகு மட்டும் காரணமல்ல.

இதெல்லாம் காகிதக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் எதிலும் பிடிக்காமல் தனியாக நிறுத்திய கேஸ் அடுப்புகளும் மின் அடுப்புகளும் கீழே ஓவன் கதவைத் திறந்து யாராவது அதன்மேல் ஏறினாலோ, கனமான பாத்திரத்தை வைத்தாலோ முன்னால் சாய்ந்தன. கொதிக்கும் குழம்போடு. 1991 முதல் அங்கே அடுப்பின் பின்காலைத் தரையோடு அல்லது சுவரோடு பிடிக்கும் கொக்கி கட்டாயத் தரமானது. படுக்கையறையில் இன்னும் மோசம். 2016 ஜூனில் ஐகியா அமெரிக்காவில் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுவரில் பிடிக்காமல் நிறுத்திய அலமாரிகள் சாய்ந்து சின்னக் குழந்தைகள் இறந்திருந்தார்கள். பிள்ளைகளை இழந்த பெற்றோர் வருஷக்கணக்காகப் போராடி, 2022 டிசம்பரில் ‘ஸ்டர்டி’ சட்டம் நிறைவேறியது. இழுப்பறைகளில் சுமை ஏற்றி, 27 கிலோ வரை எடையுள்ள குழந்தை ஏறினால் என்ன ஆகும் என்று சோதித்த பிறகே விற்க வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் துணி வைக்கும் அலமாரிக்குத்தான். சமையலறைப் பெட்டி அதில் வராது. அது சுவரிலோ தரையிலோ பிடிக்கப்பட்டிருக்கும் என்பது எண்ணம்.

பிடிக்கிறார்களா என்பது பெட்டியைப் பொருத்துகிறவர் கையில் இருக்கிறது. அமெரிக்கத் தச்சர்கள் செய்வது எளிமையானது. தீவு நிற்கும் இடத்தைத் தரையில் கோடு போட்டு, பெட்டியின் உட்பக்க அளவுக்கு மரச்சட்டங்களைத் தரையோடு ஸ்க்ரூ போட்டு இறுக்குகிறார்கள். பெட்டியை அதன்மேல் தொப்பி மாதிரி கவிழ்த்து, அடிப்பக்கத்தில் பக்கவாட்டில் ஸ்க்ரூ. பிறகு அது நகராது. ஐரோப்பியப் பெட்டிகளில் இது நடக்காது, ஏனென்றால் அவை உயரம் மாற்றக்கூடிய பிளாஸ்டிக் கால்களில் நிற்பவை. திருகித் திருகி ரசமட்டத்தில் குமிழி நடுவில் வரும் வரை சரிசெய்யலாம், அந்த வசதி அருமை. மேலிருந்து வரும் எடையையும் அந்தக் கால்கள் நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால்தான் சங்கடம். சுவரோரம் இருக்கும்வரை பக்கவாட்டு வேலையைச் சுவர் பார்த்துக்கொண்டது. 2010-களின் நடுவில் வந்த ஐகியாவின் புதிய சமையலறை வரிசையில் பெட்டிகள் சுவரில் அடித்த ஒரு இரும்புச் சட்டத்தில் தொங்குபவை. ஆகவே தீவுக்கென்றே தனியாக ஒரு இரும்புத் தாங்கியையும் விற்க வேண்டி வந்தது. இல்லாத சுவருக்குப் பதிலாகத் தரையில் முளைக்கும் ஒரு துண்டுச் சுவர்!

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் எல்லாப் பெட்டிகளையும் மட்டம் பார்த்துவிட்டு, கிளாம்ப் போட்டு முகப்புகளை ஒரே நேராகப் பிடித்து, அதன் பிறகே ஒன்றோடு ஒன்று போல்ட் போட வேண்டும். மாற்றிச் செய்தால் கோணல் நிரந்தரமாகிவிடும். முதுகு அட்டை மெல்லியது என்பதால் முதுகுப்பக்கம் தடிப்பலகை வைத்து மூடுவார்கள். அது அழகுக்கு என்று நினைப்பார்கள், உண்மையில் பெட்டி கோணலாகாமல் பிடிப்பதும் அதுதான். தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் குளிர்நாட்டு வீடுகளில் கண்ணை மூடிக்கொண்டு துளை போட்டால் கதை முடிந்தது. ஒன்றோடு ஒன்று கோத்து மிதக்க விடும் லேமினேட் தரையின் மேல் தீவை நிறுத்தி ஸ்க்ரூ போட்டாலும் தப்பு. வெயில் காலத்தில் விரியும் பலகைக்குப் போக இடமில்லாமல் தரை புடைத்துக்கொள்ளும். கடைசியாகக் கல். 20 மி.மீ. கிரானைட் ஒரு சதுர மீட்டருக்கு 54 கிலோ வரும். இந்த எடை நடுவில் இருக்கும்வரை நல்லது. ஸ்டூல் போட்டு உட்காரக் கல்லை ஒரு அடிக்கு மேல் வெளியே நீட்டினால் கீழே தாங்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கவிழ்க்கும் பக்கம் சேர்ந்துவிடும்.

தரையோடு பிடித்த பிறகு மின்சாரம். தீவுக்கு ஒரு பிளக் பாயின்ட் இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க மின்விதிநூல் பல பதிப்புகளாகச் சொல்லி வந்தது. கல்லில் துளை போட யாருக்கும் மனசு வராது, பக்கவாட்டில் வைத்தார்கள். மேலே எண்ணெய்ச் சட்டி, கீழே தொங்கும் வயர், அதைப் பிடித்து இழுக்கும் உயரத்தில் தவழும் குழந்தை. சுவரோர மேடையில் வயர் பின்பக்கம் மறைந்திருக்கும், தீவுக்குத்தான் பின்பக்கமே கிடையாதே. 2023 பதிப்பில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். மேடைக்குக் கீழே பக்கவாட்டில் பிளக் வைக்கக் கூடாது என்றும் சேர்த்தார்கள்.

அமெரிக்காவின் பிரபல சமையல்காரர் ஜூலியா சைல்டின் வீட்டுச் சமையலறையை 2001-ல் அப்படியே பிரித்தெடுத்து வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆறடிக்கு மேல் உயரமான அந்த அம்மாளுக்காக சுவரோர மேடைகளை அவர் கணவர் 38 அங்குலத்துக்கு உயர்த்தியிருந்தார். பாத்திரங்கள் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. கேமரா வைத்துப் பல தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் எடுத்த சமையலறை அது. நடுவில் நிற்பது நான்கு கால் வைத்த ஒரு சாதாரண மேசை.